விடாப்பிடி வரிகள்

உலோகங்களைக் களைப்படையச் செய்வதுதான் என் பிழைப்பு. சுண்டுவிரல் நீளச் செம்புத் துண்டு ஒன்றை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே மாட்டி, இழுப்பதும் தள்ளுவதுமாக ஓயாமல் படுத்தியெடுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் அற்பமானது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் துண்டு அசைவது தெரியாது. ஆனாலும் வாரக்கணக்கில் படுத்தினால் ஒருநாள் பட்டென்று இரண்டாகிவிடும். அது ஏன் உடைந்தது என்று படத்தோடு எழுதிக் கொடுத்தால் சம்பளம் தருவார்கள். "சும்மா கிடந்ததை நீங்களே படுத்தி உடைச்சுட்டு, ஏன் உடைஞ்சுதுன்னு நீங்களே கேப்பீங்களா?" என்று என் அம்மா ஒருமுறை கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் என் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. சோதனைக்கூட டெக்னீஷியன் என் கணவர். இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் வரும் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது. உண்மையில் அங்கே உறவு ஒரு உபகாரமும் செய்ததில்லை. பழைய டெக்னீஷியன் ஓய்வுபெற்றபோது கணவர் மனுப் போட்டார். நேர்காணலுக்கு வராமல் சித்தப்பா ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார்கள். எனக்குத் தெரியும், அவருக்கு இவரைக் கண்டாலே ஆகாது. முனைவர் பட்டம் வாங்கிய பெண் பட்டறைக்காரரைக் கட்டிக்கொண்டாளே என்ற ஆற்றாமை எங்கள் கல்யாணத்தன்று தொடங்கியது. மாப்பிள்ளை என்று ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. அலுவலகத்தில் "இந்தாப்பா", வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. கணவரின் வேலை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை. புதுப்பிக்கும் கையெழுத்து சித்தப்பாவுடையது.

நிறுவனத்தில் சித்தப்பாவுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'நோட்டீஸ்'. எங்கே என்ன தப்பு நடந்தாலும் மறுநாள் காலை அந்த இடத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் இருக்கும். கைகழுவும் தொட்டிக்கு மேலே, "குழாயை மூடவும். மூடியபின் மூடியிருக்கிறதா என்று பார்க்கவும்" என்று ஒன்று. மாடிப்படியில், "படிகளை ஒவ்வொன்றாக ஏறவும்" என்று ஒன்று. அவற்றை யாரும் படிப்பதில்லை. படித்த ஒரே ஆள் என் கணவர். முன்பு அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில், சுவரிலிருந்த எச்சரிக்கையைப் படிக்காத நண்பர் ஒருவருக்கு வலது கை போய்விட்டது. அதிலிருந்து இவர் சுவரில் எது ஒட்டியிருந்தாலும் நின்று இரண்டு தடவை படித்து, அட்சரம் பிசகாமல் செய்வார். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

நடந்ததைச் சொல்வதற்கு முன் செம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்கங்கே ஒரு வரிசை பாதியிலேயே நின்றுபோயிருக்கும். அந்த அரைகுறை வரிசையின் ஓரத்துக்குத்தான் டிஸ்லொகேஷன் என்று பெயர். இழுத்தால் அது நகரும், தள்ளினால் திரும்பி வரும். இப்படி எண்ணற்ற தடவை போய்வரும்போது அவை ஒன்றோடொன்று முட்டி, சிக்கிக்கொண்டு, குட்டி போட்டு, உள்ளே ஒரே நெரிசலாகிவிடும். பிறகு யாரும் சொல்லாமலே கொத்துக் கொத்தாக ஒதுங்கி, நடுவே போக்குவரத்துக்கு வழி விட்டுக்கொள்ளும். இன்னும் படுத்தினால் சில பட்டைகளில் மட்டும் அந்தக் கொத்துகள் மெலிந்து, ஏணிப்படிகள்போல் ஒரே இடைவெளியில் நின்றுவிடும். அதன்பின் மொத்த அசைவையும் அந்த ஏணிப் பட்டைகளே ஏற்கும். மற்ற இடமெல்லாம் வேடிக்கை பார்க்கும். எங்கள் நிறுவனத்திலும் வேலை ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

அந்தப் பட்டை மேற்பரப்பை எட்டும் இடத்தில் மேடும் பள்ளமுமாக மெல்லிய வரிகள் எழும்பும். விரிசல் பிறப்பது அங்கேதான். துண்டை அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் மேல்தோல் கரைந்து, வரிகள் அழிந்து, கண்ணாடியாகப் பளபளக்கும். மறுபடி இயந்திரத்தில் மாட்டி ஓட்டினால் அதே இடத்தில் அதே வரிகள் வந்து நிற்கும். மேலே அழித்தோமே தவிர, உள்ளே ஏணி அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் அவற்றை விடாப்பிடி வரிகள் என்கிறோம்.

பழைய டெக்னீஷியன் ஓய்வுபெற்ற அந்த ஆண்டு நான் அரும்பாடுபட்டு வளர்த்த, முழுவதும் ஒரே படிகமான செம்புத் துண்டு ஒன்றை மாட்டினோம். இடையிடையே இயந்திரத்தை நிறுத்தித் துண்டைப் பார்ப்போம். முதல் நிறுத்தத்தில் நானே கழற்றிப் படம் எடுத்தேன். வரிகள் அழகாக வந்திருந்தன. நானே அமிலத்தில் பாலிஷ் செய்து அழித்து, திரும்ப வருகின்றனவா என்று பார்ப்பதற்காக மறுபடி மாட்டினேன். அந்த வாரம்தான் கணவர் வேலையில் சேர்ந்தார். அதன்பின் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் பொறுப்பு, படம் எடுப்பது என் பொறுப்பு. இரண்டாம் நிறுத்தத்தில் அவர் தட்டில் வைத்துக் கொடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். வரி ஒன்றுகூட இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை. துண்டு உடைய வேண்டிய காலம் வந்தது, போனது. மேலும் மாதங்கள் ஓடின. துண்டு அன்று செய்தது மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

சித்தப்பாவிடம் படங்களைக் காட்டினேன். அவர் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தன. வாழ்நாள் முழுவதும் டிஸ்லொகேஷன்களைப் பற்றியே எழுதியவர், தன் பேரைச் சொல்ல ஒரு சமன்பாடுகூட மிஞ்சவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. படங்களை நெடுநேரம் பார்த்தார். உள்ளே ஏணிகள் தாமாகவே கலைந்து, செம்பு பட்டதையெல்லாம் மறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்றார். அதற்கு 'மறதி நிலை' என்று அவரே பெயரும் வைத்தார். துண்டை இழுக்கத் தேவையான விசை வரவரக் குறைகிறதே என்று நான் இழுத்தேன். உலோகம் மனம் இளகிவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று ஒரு புதுச் சமன்பாடு எழுதிக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் என் படங்கள், என் துண்டு. எனக்கும் ஆசை விடவில்லை.

கட்டுரை போயிற்று. பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். விழாவில் காட்டும் பெரிய படத்துக்கு அளவு குறிப்பதற்காக ஒருநாள் துண்டின் குறுக்களவை எடுத்தேன். அளவுகோல் பழுது என்று நினைத்து வேறொன்றை வாங்கி வந்து அளந்தேன். சந்தேகமே இல்லை, துண்டு இளைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் அந்த ஆண்டு இளைத்தது அது ஒன்றுதான். உலோகம் எதை வேண்டுமானாலும் மறக்கலாம், எடை தானாகக் குறையாது.

வீட்டுக்கு வந்தேன். கணவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். துண்டைக் கழற்றியதும் என்ன செய்வீர்கள் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"பாலிஷ் பண்ணித்தான் உன்கிட்ட குடுக்கறேன்" என்றார். "பாலிஷ் பண்ணாத எதையும் நுண்ணோக்கியிலயோ மெஷின்லயோ வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. நீ பாத்ததில்லையா?"

நான் பார்த்ததில்லை. தினமும் அதன் கீழிருக்கும் ஆணியில்தான் என் வெள்ளைக் கோட்டை மாட்டுகிறேன். எவனோ எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு துண்டை உள்ளே வைத்து நுண்ணோக்கியைப் பாழாக்கியபோது சித்தப்பா ஆத்திரத்தில் ஒட்டிய நோட்டீஸ் அது. 'புதிய துண்டுகளை' என்று எழுத வேண்டியவர் 'எந்தத் துண்டையும்' என்று எழுதியிருந்தார். விரிசல் கண் திறக்கும் முன்பே ஒவ்வொரு முறையும் தோலோடு கரைத்துக்கொண்டிருந்தார் என் கணவர். அப்புறம் அது எப்படி உடையும்? விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சோதனையைக் கெடுத்துவிட்டேனா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, உங்களைத் தவிர மற்ற எல்லோரும் கெடுத்தோம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் சித்தப்பாவின் அறைக்குப் போய், துண்டு உடையாததற்குக் காரணம் மறதி அல்ல, பாலிஷ் என்றேன். அவர் மக்கு அல்ல. பாதி சொல்லும்போதே அவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது. மேஜைமேல் அழைப்பிதழ்க் கட்டு பிரிக்காமல் இருந்தது. அதன் நூலைச் சுண்டிக்கொண்டே இருந்தார்.

"நோட்டீஸ் புதுத் துண்டுக்குத்தான்னு யாருக்கும் புரியும்" என்றார் கடைசியில். "புரியாதவங்களை வேலைக்கு வெச்சுக்கிட்டா இப்படித்தான்."

அவர் கண் போன இடத்தை நானும் பார்த்தேன். கையெழுத்துக்காக வைத்திருந்த காகிதங்களில் கணவரின் ஒப்பந்தமும் இருந்தது.  வேலை போவது ஒரு பக்கம். ஓர் ஆய்வையே கெடுத்தவர் என்ற பேரோடு போனால் வேறு எந்தச் சோதனைக்கூடமும் அவரைச் சேர்க்காது. சுத்தமாக வேலை செய்ததைத் தவிர அந்த மனிதர் வேறு ஒரு குற்றமும் செய்யவில்லை.

வாதாடினேன். முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அதே துண்டை இனிமேல் பாலிஷ் செய்யாமல் ஓட்டுவது. விழா நாள்வரை தாங்கினால் சித்தப்பா மறதி நிலையைப் பற்றிப் பேசலாம்.

"உடைஞ்சா, அந்த நோட்டீஸ் யாரோடதுன்னு நீங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றேன்.

"உடைஞ்சா பாத்துக்கலாம்" என்றார்.

சில நாள் கழித்துச் சாப்பாட்டு வேளையில் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேன் என்று சோதனைக்கூடத்துக்குத் திரும்பினேன். இயந்திரத்தின் சத்தம் இல்லை. உள்ளறையில் சித்தப்பா நின்றிருந்தார், கோட்டுக்கு மேல் ரப்பர் மேலங்கி, கையில் இடுக்கி. இடுக்கியின் நுனியில் என் துண்டு அமிலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சித்தப்பா பண்றீங்க?"

"நோட்டீஸ்ல அப்படித்தானே போட்டிருக்கு" என்றார், திரும்பாமல்.

இயக்குநரான பிறகு அவர் ஒரு துண்டையும் கையால் தொட்டதில்லை. ஆனாலும் கை துளி நடுங்கவில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு மின்சாரம் என்று அந்த விரல்களுக்கு இன்னும் தெரிந்திருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதே மூச்சில் பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவம்தான் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது.

"வரி வந்திருந்துதா?" என்று கேட்டேன்.

துண்டைக் கழுவி, உலர்த்தி, தட்டில் வைத்தார். பிறகு, "வந்திருந்துது" என்றார்.

"அதே இடத்துலயா?"

"அதே இடத்துல." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கணம் மகிழ்ச்சி தெரிந்தது. எவ்வளவு மறைத்தாலும் அவர் உலோகக்காரர்தானே.

சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அன்று மாலையே ஒரு நோட்டீஸ் தட்டச்சு செய்தேன். "இயந்திரம் தானாக நிற்கும்வரை இந்தத் துண்டை யாரும் தொடக் கூடாது. இதில் எவருக்கும் விலக்கில்லை. இயக்குநர்." நாற்காலி வாடகை, பூங்கொத்து, ஒலிபெருக்கி என்று விழாக் காகிதங்கள் குவிந்திருந்த கோப்பின் நடுவில் செருகினேன். நோட்டீஸ் என்றால் சித்தப்பா எழுதுவார், கையெழுத்துப் போடுவார், ஆனால் மற்றவர்களைப்போலவே அவரும் படிப்பதில்லை. கையெழுத்தாகி வந்தது. கணவரிடம் கொடுத்தேன். அவர் நின்று இரண்டு தடவை படித்தார்.

"உடைஞ்சா என்னைத்தான் சொல்வாரா?" என்று கேட்டார்.

"சொல்லலாம்" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

"சரி" என்று சொல்லிவிட்டுப் பசையை எடுக்கப் போனார்.

அதன்பின் சித்தப்பா இரண்டு முறை வந்து பார்த்தார். முதல்முறை சும்மா எட்டிப் பார்ப்பதுபோல் வந்து, இயந்திரத்துக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை துண்டைக் கழற்றும் சாவியைக் கேட்டார். நான் கணினிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"நோட்டீஸ் போட்டிருக்கு சார்" என்றார் கணவர், எழுந்து நின்று.

"அது நான் போட்ட நோட்டீஸ்ப்பா."

"ஆமா சார். உங்க கையெழுத்துதான்."

சித்தப்பா சுவரைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். அந்த நிறுவனத்தில் முதல்முறையாக ஒரு நோட்டீஸை அவர் முழுவதும் படித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. சாவி இல்லாமல் போய்விட்டார்.

விழா, சோதனைக்கூடத்துக்கு அடுத்த அரங்கில் நடந்தது. நடுவே இருந்த கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார் சித்தப்பா. சாப்பாட்டு வேளையில் தான் செய்த அந்த ஒரு பாலிஷ் விழா முடியும்வரை தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார் போலும். இயந்திரத்தின் ரீங்காரம் அரங்கு முழுவதும் கேட்டது. ஆட்சிக் குழுத் தலைவர் முன்வரிசையில் இருந்தார். என் அம்மா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, கொழுந்தன் பெருமையை யார் யார் கேட்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் கதவோரம் நின்றார். புதுப்பித்தல் காகிதம் அன்று காலைவரை கையெழுத்தாகவில்லை.

சித்தப்பா நன்றாகவே பேசினார். உழைக்கும் எதுவும் களைக்கும், களைக்கும் எதுவும் ஒருநாள் முறியும் என்பதே இதுவரை நாம் அறிந்த விதி என்றார். அந்த விதிக்கு அடங்காத ஒரு சின்னச் செம்புத் துண்டு அடுத்த அறையில் இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். "கேளுங்க. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்க" என்று கையை உயர்த்தினார்.

எல்லோரும் கேட்டார்கள். அப்போது இயந்திரம் நின்றது.

அப்படி ஓர் அமைதியை அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதில்லை. துண்டு உடைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும் என்பது அந்த அரங்கில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஆட்சிக் குழுத் தலைவர், பேச்சாளருக்கு மரியாதையாக இயந்திரத்தை நிறுத்தினார்கள் என்று நினைத்துவிட்டார். எழுந்து கைதட்டினார். அரங்கமே எழுந்து கைதட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உயர்த்திய கையைக் கீழே போடத் தெரியாமல் நின்றார் சித்தப்பா.

இயந்திரம் தானாக நின்றுவிட்டதால் நோட்டீஸின் தடை முடிந்துவிட்டது. கணவர் உள்ளே போய்த் துண்டைக் கழற்றினார். வழக்கம்போலத் தட்டில் வைத்து, நடு அரங்கு வழியாக மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். தட்டில் இரண்டு துண்டுகள் இருந்தன. நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தேன். இவரை அனுப்பியிருக்கக் கூடாது, நான் போயிருக்க வேண்டும் என்று பதறிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உடைந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒலிபெருக்கியை மறந்துவிட்டார்.

"அதே இடத்துலதான்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அரங்கம் முழுக்கக் கேட்டது.

பிறகு நிமிர்ந்தார். தட்டோடு நின்ற என் கணவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தமாதிரி எனக்குத் தோன்றியது.

"இந்தத் துண்டு இவ்வளவு நாள் உடையாம இருந்ததுக்கு என் கொள்கை காரணமில்ல" என்றார். "எங்க மாப்பிள்ளையோட கைதான் காரணம். ஒவ்வொரு தடவையும் விரிசல் விழறதுக்கு முன்னாடியே மேல்தோலைப் பாலிஷ் போட்டு எடுத்துட்டாரு. போடாம விட்டோம், உடைஞ்சுபோச்சு." கையிலிருந்த துண்டைத் தட்டில் திரும்ப வைத்தார். "அப்படிப் பாலிஷ் போடணும்னு நோட்டீஸ் போட்டது நான்."

நான் கேட்டது இந்த வாக்கியத்தைத்தான். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று நான் அடம்பிடித்த அதே வாக்கியம். அவர் மனச்சாட்சிப்படி ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது அரங்கத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. உடையும் உலோகத்தை உடையாமல் காக்கும் வழியைக் கண்டுபிடித்ததோடு, அதைச் செயல்படுத்த நோட்டீஸும் போட்ட மேதை என்று நினைத்து, முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். சித்தப்பா மறுத்துச் சொல்ல வாயெடுத்தார், கைதட்டல் நிற்கவில்லை. நின்றபோது அவர் வாய் மூடியிருந்தது.

மேல்தோலை எடுத்துவிட்டால் உலோகம் நீண்ட நாள் தாங்கும் என்பது நாங்கள் யாரும் பிறக்கும் முன்பே பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நானும் படுத்தவில்லை, ஏனென்றால் விழா முடிவதற்குள் கணவரின் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அதுவும் மூன்று ஆண்டுக்கு. ஆட்சிக் குழு சித்தப்பாவுக்கும் பணி நீட்டிப்புக் கொடுத்தது. மறதி நிலைக் கட்டுரையை மட்டும் அவர் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார். வீடு திரும்பும் வழியில், சாலை வளையும் இடத்தில் கணவர், "மாப்பிள்ளைன்னு சொன்னாருல்ல?" என்று கேட்டார். சொன்னார் என்றேன். 

மறுநாள் காலை முதல் வேலையாக உடைந்த பாதியை நுண்ணோக்கியில் வைத்தேன். ஆரம்பத்தில் நான் எடுத்த முதல் படத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டேன். அன்று கண்ட வரிகளில் மூன்றாவதன் மேலேயே விரிசல் ஓடியிருந்தது. எங்கள் குடும்பமே மாற்றி மாற்றிப் பாலிஷ் போட்டும் அது இம்மி நகரவில்லை.

கோட்டைக் கழற்றி மாட்டப் போனேன். அந்த 'எந்தத் துண்டையும்' நோட்டீஸ் கிழிக்கப்பட்டிருந்தது. அதே இடத்தில், பழைய பசைத் தடத்தின் மேலேயே, புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. "பாராட்டு விழாக்களின்போது எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது." கணவர் அதன்முன் நின்று இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.